வரைபடத்தில் இல்லாத வீட்டுக்கு மழை வருவதில்லை

“ஏல சுயம்பு, சிவப்பு லைட்டு அடிக்கணும், நடுக்கதவத் தொறந்துவைன்னு நீதானல சொன்ன? தொறந்து பிடிச்சிட்டு நின்னேன் பாரு, இந்தக் கைய வெட்டணும்!”

“எக்கா, சும்மா காலிபீலி சத்தம் போடாத. பிளாட்டு வரட்டும், உனக்கொரு ரூம்பு தாரேன்.”

“எங்கப்பன் வீட்டுல எனக்கு நீ என்னல ரூம்பு தாரது?”

ஜூன் மழையில் நனைந்தபடி அந்தத் தாராவிச் சந்தே நின்று வேடிக்கை பார்த்தது. அக்கா மீனாட்சியம்மாளின் வீட்டின்மேல் மட்டும் ஒன்பது நாளாக மழை விழவில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து விரித்த ஒரே நீலத் தார்ப்பாயில் தம்பி பக்கம் சடசடவென்று கொட்டியது, அக்கா பக்கம் காய்ந்து கிடந்தது. வரைபடத்தில் இல்லாத வீடு மழைக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு, சந்துக்காரர்கள் தக்காளி விலையைப் பேசப் போனார்கள்.

அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் பிளைவுட் அடித்துப் பிரித்திருந்தார்கள். முன்பாதி சுயம்புவுக்கு. பின்பாதி, புருஷனை இழந்து மகள் கலைச்செல்வியோடு வந்த அக்காவுக்கு. அவள் வாசல் பின்சந்தில். குழம்பு போக வர நடுவில் ஒரு கதவு. போன மழைக்குச் சுயம்பு அந்தப் பெரிய தார்ப்பாயை வாங்கிப் போட்டபோது, தம்பி என்றால் இவனல்லவா என்று மீனாட்சியம்மாள் குழாயடி முழுக்கப் பெருமையடித்தாள். பிறகு, குடிசைகளை இடித்துப் பிளாட் கட்டிக் கொடுக்கும் திட்டத்துக்குக் கணக்கெடுக்க டிரோன் பறந்தது. மேலிருந்து பார்த்ததற்கு ஒரே கூரை. அடுத்து, டேப்லெட்டும் லேசருமாக அளக்க வந்தவர்களைச் சுயம்புவே வழிகாட்டிக் கூட்டி வந்தான். சிவப்புப் புள்ளி அவன் அறையைக் கடந்து, அக்கா பிடித்துக்கொண்டிருந்த கதவுக்குள் நுழைந்து, அவள் புருஷனின் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தது. இருபத்திரண்டு அடி என்று பதிந்துகொண்டார்கள். அவள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். சுயம்புவின் கதவில் மட்டும் நம்பர் எழுதினார்கள். பெரிய வீட்டுக்குப் பெரிய பிளாட் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தார்ப்பாய் வாங்கும்போதே கணக்குப் போட்டானா, பிறகுதான் புத்தி போனதா என்பதில் குழாயடி இன்றைக்கும் இரண்டு கட்சி.

நம்பர் இல்லையென்றால் பிளாட் இல்லை. தாயும் மகளும் தெருவில்தான். நம்பர் விழுந்த வீடுகளின் லிஸ்ட் ஒட்டிய அன்றே வீடு வழி தவறத் தொடங்கியது. முதலில் கூரியர்காரர்கள், அப்புறம் பதினான்கு வருஷமாக வந்துபோன சிலிண்டர்காரர், கடைசியில் கொசுக்கள்கூட அவள் வாசலைத் தேடி சுயம்பு வீட்டில் போய் நின்றன. மீனாட்சியம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவர்களுக்கு மட்டும் வீடு தெரிந்தது. மனு கொடுத்து வரவழைத்த அதிகாரியின் கையை எப்படிப் பிடிப்பது? அவர் சுயம்புவின் வாசலிலேயே நின்று, அப்படியொரு வீடு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

தை மாதம் கலைச்செல்வியைப் பெண் பார்க்க உல்லாஸ்நகரிலிருந்து நம்பிராஜன் வீட்டார் வந்தார்கள். சந்துமுனையில் அவர்களை எதிர்கொள்ள வேண்டியது தாய்மாமன். தாலியறுத்தவள் நல்ல காரியத்துக்கு எதிரே போய் நிற்கக் கூடாதாம். அதனால் பேச்சை விட்டிருந்த தம்பியிடமே மீனாட்சியம்மாள் போனாள். “பின்சந்துக்குக் கூட்டிட்டு வந்துரு, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். இந்த ஒண்ணையாவது ஒழுங்காச் செய்யில” என்றாள். சுயம்பு தலையாட்டினான். அவள் கேசரி கிளறி, மகளுக்குப் பூ வைத்து, சாயங்காலம்வரை காத்திருந்தாள். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் டம்ளர் சத்தமும் சிரிப்பும் கேட்டன. சுயம்புவின் மகள் மானசாவை அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

“என் காலு தானாத் திரும்பிட்டுக்கா” என்றான் மறுநாள்.

“திரும்பும். வாயுமா திரும்பிச்சு? மானசாவக் காட்டி, இவ என் பொண்ணுன்னு சொன்னது யாருல?”

அவள் நடுக்கதவில் ஆணி அடித்தாள்.

அடுத்த வருஷம் அந்தச் சந்து முழுவதையும் இடித்தார்கள். இடிக்கும் இயந்திரம் மூன்று நாள் சுற்றியும் மீனாட்சியம்மாளின் வீட்டுக்கு வழி கிடைக்காமல் திரும்பியது. இடித்த இடத்தைச் சுற்றிப் போட்ட தகரவேலிக்கு உள்ளே அந்த வீடு இன்னும் நிற்கிறது. பில் வராத பல்பு எரிகிறது. நம்பிராஜனைக் கட்டிய மானசா உல்லாஸ்நகரில் இருக்கிறாள். கலைச்செல்வி தன்னோடு வேலை பார்த்த நகுலைக் கட்டிக்கொண்டு தாணேக்குப் போனாள். வரும்போதெல்லாம் அம்மா வேலிவரை வந்து கைபிடித்துக் கூட்டிப் போகிறாள். தேவ்நார்ப் பக்கம் ஏழாவது மாடியில் ஒற்றை அறை கிடைத்த சுயம்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வெட்டவெளியில் நின்று “எக்கா, எக்கா” என்று கூப்பிடுகிறான். இரண்டடி தள்ளி அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். கையை நீட்டினால் போதும். நீட்டுவதில்லை.