பெஞ்சில் பழகிய சொல்

சாம்பவி அப்பாவின் சிவப்பு டையில் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா தில்லையம்பலம் பட்டு வேட்டியோடு அறைக்குள் வந்தார்.

"உதைக் கழட்டு பிள்ளை. வேட்டியோடைதான் அனுப்ப வேணும்."

"வேட்டியைக் கட்டுங்கோ பெரியப்பா. டையைக் கழட்டேலாது."

அப்படித்தான் அப்பா ராகுலன் கடைசியில் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே பட்டு வேட்டி. மேலே வெள்ளைச் சட்டையும், ஆட்ட நாட்களில் ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும்போது கட்டியிருக்கும் டையும். மூன்று நாட்களுக்கு முன் பயிற்சி அரங்கில், விசிலை வாய்க்குக் கொண்டுபோன கையோடு சரிந்தவர்.

பெரியப்பா கொடுத்த மரண அறிவித்தலில் 'பொறியியலாளர்' என்று இருந்தது. ராகுலன் எஞ்சினியரிங் படிப்பை இரண்டாம் வருடத்திலேயே விட்டுவிட்டு அகதியாகக் கனடா வந்தவர். ஸ்காபரோவில் ஒரு ஐஸ் அரங்கில் பனித்தளத்தை வழிக்கிற வண்டி ஓட்டினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தே ஐஸ் ஹொக்கியைப் படித்தார். முதலில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச். இருபது வருடம் கழித்துச் சம்பளத்துக்கு விளையாடும் பெரிய லீக்கில் தலைமைக் கோச். இரண்டு தடவை வேலையால் நிற்பாட்டினார்கள். மூன்று தடவை கிண்ணம் எடுத்தார். தொலைக்காட்சியில் அவர் முகம் வரும்போதெல்லாம் பெரியப்பா, ஐஸில் சறுக்குவதற்கும் ஒரு வாத்தியாரா என்று கேட்டுச் சிரிப்பார்.

இப்போது மண்டபத்தின் கடைசி வரிசைகளில் அவருடைய ஆட்டக்காரர்கள் இருபத்திரண்டு பேர், கறுப்புக் கோட்டோடு, சிறிய கதிரைகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று பெரியப்பா காலையிலேயே சொல்லிவிட்டார். வாய்க்கரிசி உரித்துக்காரர்தான் போட வேண்டும். சாம்பவிக்கு அம்மா போய் நாலு வருடம். கூடப் பிறந்தவர்கள் இல்லை. முதல் உரித்து என்றால் அவள் ஒருத்திதான்.

உறவினர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைச் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டு முடித்தார்கள். வேறு ஆரும் இருக்கினமோ என்று ஐயர் கேட்டார். இல்லை என்றார் பெரியப்பா.

"இருக்கினம்," என்றாள் சாம்பவி. அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு, சேலை தடுக்கத் தடுக்கக் கடைசி வரிசை வரைக்கும் நடந்தாள்.

கப்டன் ஈதன்தான் முதலில் எழுந்தான். இரண்டு தடவை உடைந்து பொருந்திய விரல்களுக்கிடையில் அரிசி சிந்திக்கொண்டே வந்தது. மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவைத்திருந்தான். மூன்று முறை போட்டான். பிறகு குனிந்து, கோயிலில் பேசுகிறவன் போலச் சொன்னான்.

"போடா, கோச்."

பெரியப்பா சட்டென்று திரும்பிப் பார்த்தார். உறவினர் வரிசையில் பேபி அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ஆட்டம் சூடேறினால் ராகுலனுக்கு ஆங்கிலம் ஓடிவிடும். பெஞ்சில் இருந்தவனின் தோளில் அடித்து, "போடா!" என்று கத்தித்தான் தளத்துக்குள் அனுப்புவார். பாய்ந்து போ, பயப்படாதே, உன்னை நம்புகிறேன் என்றெல்லாம் அதற்கு அர்த்தம் என்று மூன்று அணிகளின் ஆட்டக்காரர்கள் நம்பினார்கள். அவர்களுக்குச் சரியான அர்த்தத்தைச் சொல்லக்கூடாதா என்று ஒருநாள் சாம்பவி அவரைப் பிடித்துக் கேட்டாள். "விடு பிள்ளை, பிழையில்லைத்தானே. போ எண்டுதானே சொல்லுறன்," என்று கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

"செத்த மனிசனைப் பார்த்து என்ன கதை உது?" பெரியப்பா ஈதனுக்கு முன்னால் வந்து நின்றார். "ஆர் உவனுக்குப் பழக்கினது?"

"உங்கடை தம்பிதான்."

அவள் தட்டை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

"அடுத்தாள் வரட்டும்."

வந்தார்கள். இருபத்திரண்டு தடவையும் அந்தச் சொல் கேட்டது. ஈதனுக்குப் பிறகு வந்த யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. அரிசிமணிகள் சிவப்பு டையில் பனித்தூள்போல் ஒட்டிக்கிடந்தன.

எரிக்கும் அறையில் பச்சைப் பொத்தானை அவள்தான் அழுத்தினாள். உருளைகள் சுழல, பெட்டி ஒரு சாண் நகர்ந்து, எங்கோ தடுக்கி நின்றது. ஊழியர் பதறி முன்னால் வந்தார். பொறுங்கள் என்று சாம்பவி கையைக் காட்டினாள். பெட்டியின் விளிம்பில், தோளில் அடிப்பதுபோல் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போடா," என்றாள்.

பெட்டி நகர்ந்தது. பக்கத்தில் நின்ற பெரியப்பா இந்தமுறை திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நின்றார்.