உச்சிக்கு மட்டும் வருகிற தகப்பன்

1974 மேட மாதத்திலிருந்து, அதாவது சித்திரையிலிருந்து, வித்துரா ஊர்க்காரர் வேதமாணிக்கத்தின் நிழல் பட்ட எறும்புகளெல்லாம் செத்தன. அவர் நடந்த பாதையில் முற்பகலில் மேற்கோரமும் பிற்பகலில் கிழக்கோரமும் எறும்பில்லாமல் கிடந்தன. ஊர் பெரிதாக அதிசயப்படவில்லை. பயற்றங்காய்க்கு அவர் அடித்த மருந்து அப்படி. விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்த புண்ணியவானைக் கும்பிட வேண்டும். ஒரு பம்புத் தண்ணீருக்கு ஒரு மூடி போதும், அடித்துப் பதினைந்து நாள் கழித்துப் பறி என்றார் விவசாய இலாகாவின் கிருஷி ஆபீசர். இவர் நாலு மூடி ஊற்றிச் சாயங்காலம் அடித்து, காலையில் பறித்துப் பட்டணத்துச் சாலைச் சந்தைக் கடைகளுக்கு ஏற்றினார். வீட்டுச் சமையலுக்கு மட்டும் கிணற்றடியில் மருந்து காட்டாத தனிப் பாத்தி. அவ்வளவு நல்ல தகப்பன்.

அந்தத் தகப்பனின் நிழலில்தான் நாலு வயது மகள் சூடாமணி ஒருநாள் வெயிலுக்கு ஒதுங்கினாள். வாயில் நுரை தள்ளியது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். இடது கை மட்டும் அதற்குப் பிறகு எதையும் பிடிக்கவில்லை.

“மருந்த நிறுத்துங்க. இல்லேங்கி உங்க நிழலு இந்த வாசல்ல விழப்பிடாது,” என்றாள் மனைவி பொன்னம்மை.

“பளபளான்னு இருந்தாத்தானே சாலையில எடுக்கான்?” என்றார் அவர்.

மனுஷன் நன்றாக யோசித்தார். மருந்தை விடவில்லை. நிழல் காலடியில் ஒடுங்கும் உச்சிப்பொழுதில் மட்டும் வீட்டுக்கு வந்து, எட்ட இருந்து மகளைப் பார்த்து, சோறு தின்று, நிழல் நீளுமுன் ஓடினார். படுக்கை தோட்டத்துக் கொட்டகையில். மார்கழி, தை என்கிற தனு, மகர மாதங்களில் உச்சியிலும் நிழல் சாய்ந்தே விழும் என்பதால் கிறிஸ்மஸுக்கு அவர் வந்ததேயில்லை. இடவப்பாதி மழையில் வானம் மூடி, நிழலே இல்லாத நாட்களில் அப்பா வருவார் என்று சூடாமணி வாசலில் நிற்பாள். மழை மருந்தைக் கழுவிவிடுமே, மறுபடி அடிக்க வேண்டாமா? அவர் வரமாட்டார்.

அவருடைய பயறு சாலையில் போன போக்கைப் பார்த்து அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் நாலு மூடிக்கு மாறினார்கள். 1980க்குள் அந்த மலைச்சரிவில் பாதி ஆண்கள் உச்சிக்குத்தான் வீடு வந்தார்கள். பிள்ளைகள் தகப்பன் முகம் பார்க்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் மதிய மணியைக்கூட அதற்குத் தோதாக மாற்றினார்கள். மருந்தை மாற்ற ஒருவனுக்கும் தோன்றவில்லை.

1988இல் சூடாமணிக்கு வரன் வந்தது.

“பையன் வீட்டுக்கு எப்பம் வருவான்?” என்று தரகரிடம் கேட்டார் வேதமாணிக்கம்.

“உச்சிக்குத்தான்.”

“அப்பம் நல்ல வெளச்சலுள்ளவன்தான்,” என்று அவர் மகிழ்ந்துபோனார்.

“கிறிஸ்மஸுக்கு வருவாரா?” என்று சூடாமணி கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணத்தை நிழல் சாயாத மேட மாதத்தில், உச்சிக்கு வைத்தார்கள்.