எல்மர் டிராஸ்கோ ஒரு படகு

எல்மர் டிராஸ்கோ அறுநூறு அடி நீளம். பதினைந்தாயிரம் டன் இரும்புத்தாதுவை வயிற்றில் போட்டுக்கொண்டு மேல் ஏரிகளிலிருந்து கீழே இறங்கி வரும். ஆனாலும் அந்த ஏரிகளை இணைக்கும் செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் எவனாவது அதைக் கப்பல் என்று சொன்னால், அவன் வெளியூர்க்காரன் என்று சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ஏரியில் ஓடுவது எவ்வளவு பெரிதானாலும் படகுதான். லேக்கர் என்றும் சொல்வார்கள். கப்பல் என்றால் கடலிலிருந்து கால்வாய் ஏறி வருகிற அந்நியன். அவனுக்கு இங்கே சால்ட்டி என்று பெயர், உப்புக்காரன்.

அந்தக் கரையில் குடியிருந்த ஒட்டிலிக்கு அது வெறும் பேச்சு வழக்கு அல்ல. அவள் அப்பா உப்புத்தண்ணீரில் போனவர், திரும்பவே இல்லை. அதனால்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சால்ட்டியில் வேலை கிடைத்து அவள் புருஷன் வெர்னன் பெட்டி கட்டியபோது, அந்தப் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"போறதா இருந்தா என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போ. லேக்கர்ல இருந்தா என் கண்ணு முன்னாடியாவது இருப்ப."

வெர்னன் சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தான். இப்போது எல்மர் டிராஸ்கோவில் கேப்டனுக்கு அடுத்த இடம் அவனுக்கு.

கண்ணு முன்னாடி என்றால் நாலு நிமிஷம். வாரம் ஒருமுறை படகு அவள் வீட்டைக் கடக்க அவ்வளவு நேரம்தான் பிடிக்கும். கேப்டன் தங்கமான மனுஷர். வெர்னனுக்காக ஊதல் கொடுப்பார்: மூன்று நீளம், இரண்டு குட்டை. ஒட்டிலி கட்டிலிலிருந்து வெள்ளை விரிப்பை உருவிக்கொண்டு கரைக்கு ஓடுவாள். மற்ற பெண்கள் கைத்துண்டைத்தான் ஆட்டுவார்கள். இவளுக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும்.

"என்னடீ, இந்த வாரக் குடித்தனம் முடிஞ்சுதா?" என்று பக்கத்து வீட்டு பெர்னிஸ் வேலியோரம் நின்று கேட்பாள்.

"உனக்கு ராவெல்லாம் குறட்டை கேக்கற குடித்தனம். அதுக்கு இது தேவலாம்."

அந்த நவம்பரில் ஹியூரான் ஏரியில் இரண்டு நாள் விடாமல் புயல் அடித்தது. எல்மர் டிராஸ்கோ செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டைக் கடந்திருக்க வேண்டும். புதன்கிழமை மத்தியானமாகியும் காணோம். டெலிபோன் கம்பி அறுந்து கிடந்ததால் கம்பெனிக்குப் போட்டுக் கேட்கவும் வழியில்லை. ஒட்டிலி இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. ஜன்னலையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்து அவள் கண் பூத்துப்போயிருந்தது.

பெர்னிஸ் தன் பேட்டரி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செய்தி வாசிப்பவன் சளிபிடித்த குரலில் சொன்னான்: ஹியூரான் ஏரியில் விடியற்காலையில் ஒரு சரக்குக் கப்பல் இரண்டாக உடைந்து மூழ்கியது. யாரும் பிழைத்ததாகத் தெரியவில்லை. உறவினர்களுக்குத் தெரிவித்த பிறகே பெயர் வெளியிடப்படும்.

பெர்னிஸ் முகம் வெளுத்துப்போயிற்று. ஒட்டிலியோ எழுந்து நின்றாள்.

"கப்பல்னுதானே சொன்னான்? அப்போ யாரோ உப்புக்காரன்!"

"அவன் நகரத்து ஆளுடீ. அவனுக்கு என்ன எழவு தெரியும், வாயில வந்ததைச் சொல்வான்."

"ஏன், நகரத்துல ஆறு ஓடலையா? அவன் தெருவைத் தாண்டித்தானே லேக்கர் போகுது? உப்புக்காரன்தான். ஏரிதானே, குட்டைதானேன்னு இளப்பமா நினைச்சு வந்திருப்பான். வாங்கிக் கட்டிக்கிட்டான்."

அவள் சிரித்தாள். காபி போட்டாள். ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி நாலு துண்டு தின்றாள். பெர்னிஸ் தன் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்கு ஆற்றின் மேல்புறத்திலிருந்து ஊதல் கேட்டது. மூன்று நீளம், இரண்டு குட்டை.

"சொன்னேன்ல!"

கட்டிலிலிருந்து விரிப்பை உருவிக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் ஓடினாள். காற்று விரிப்பைப் பிடுங்கப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். சிவப்புப் புகைபோக்கியும் அதில் வெள்ளைப் பட்டையும் தெரிந்தன. அவர்கள் கம்பெனிதான். "வெர்னன்! வெர்னன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

படகு நெருங்கி வந்தது. முகப்பெல்லாம் பனிக்கட்டி படிந்திருந்தது. கட்டியின் ஊடே பெயர் தெரிந்தது: லூதர் டிராஸ்கோ.

எல்மரும் லூதரும் ஒரே வருஷம், ஒரே தளத்தில் கட்டிய படகுகள். ஊதலும் ஒரே ஊதல்தான். ஆனால் லூதர் ஒருநாளும் அவளுக்காக ஊதியதில்லை. ஒரு படகு இன்னொரு படகு ஆளின் வீட்டு வாசலில் ஊதினால் அதற்குக் காரணம் ஒன்றுதான். அது அந்தக் கரையில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஊதுகிறவர்களுக்கு அது போனவனுக்குச் செய்கிற மரியாதை.

லூதரின் கேப்டன் மேல்தட்டில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே கம்பியோரமாக ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அந்தக் குளிரில் ஒருவர் தலையிலும் குல்லாய் இல்லை. யாரும் கை அசைக்கவில்லை.

ஒட்டிலியின் கைகள் மட்டும் நிற்கவில்லை. நிறுத்திவிட்டால் எல்லாம் உறுதியாகிவிடும் என்று பயந்தவளாக ஆட்டிக்கொண்டே இருந்தாள். லூதர் கடந்து முடிக்கவும் நாலு நிமிஷம்தான் ஆயிற்று. படகின் பின்பக்கம் வளைவில் மறைந்த பிறகும் ஆட்டினாள்.

பெர்னிஸ் ஓடி வந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"போதும்டீ. விடு. அது அவன் இல்லடீ."

"தெரியும்."

விரிப்பு சேற்றில் விழுந்தது. ஒட்டிலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி மேல ஏறி உக்காந்தவ நான்தானே, பெர்னிஸ்? அவன் போயிருப்பான். எங்கயோ கண்காணாத ஊர்ல உசுரோட இருந்திருப்பான்."

"அப்படியெல்லாம் பேசாதடீ."

"ரேடியோல சொன்னப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? யாரோ ஒருத்தி புருஷன்னு நினைச்சேன்." அவள் தன் வாயைப் புறங்கையால் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "உக்காந்து ரொட்டி தின்னேன், பெர்னிஸ். நாலு துண்டு தின்னேன்."