உள்ளே விட்ட துணி

என் வீட்டுக்காரரிடம் பெல்ட் கிடையாது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் பெல்ட் போட்டதில்லை. "தையல்காரி புருஷனுக்கு பெல்ட் எதுக்கு?" என்று தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். இருப்பது மூன்று பேண்ட், மூன்றும் நான் தைத்தவை. அவர் வயிறு முன்னேற முன்னேற நான் பின்பக்கத் தையலைப் பிரித்து இடம் விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அதனால் நான் சொல்லப்போகிற அயோக்கியத்தனத்தை வேறு எவளும் செய்திருக்க முடியாது. என்னால்தான் முடியும், நான்தான் செய்தேன்.

அவர் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, எறும்புத் தலை அளவு திருகோடு மல்லுக்கட்டுகிற வேலை. விரலுக்கு மட்டும்தான் உடற்பயிற்சி, மிச்சமெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே பெருத்துக்கொண்டு போனது. கடைக்கு நேர் எதிரே ஒரு பேக்கரி வேறு. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை, பேசினால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அவருக்கு ஒரே தங்கை. நாற்பத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அவருக்கு அவள் இன்னும் பாப்பா. அந்தப் பாப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் படுத்து, ஒரு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு பாடம் நடத்துவாள்.

அண்ணனுடைய சிறுநீரகம் அவளுக்குப் பொருந்துகிறது என்று சோதனையில் தெரிந்தது. ஆனால் டாக்டர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த உடம்புல கத்தி வைக்க முடியாது. பன்னிரண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. மூணு மாசம் டைம். அதுக்கு மேல தங்கச்சி உடம்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

பக்கத்து அறையில் சாப்பாட்டுக்குப் பட்டியல் எழுதித் தந்த பெண் இன்னொன்றும் சொன்னாள். "வீட்டுல எடை மெஷின் வேணாம் சார். தினமும் ஏறி நின்னு பார்த்து நொந்து போயிடுவீங்க. பேண்ட் தளருதான்னு பாருங்க, அது போதும்."

மறுநாளே மனிதர் ஆரம்பித்துவிட்டார். விடிவதற்கு முன்னால் எழுந்து பூங்காவைச் சுற்றி நடந்தார். நாங்கள் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் பக்கமே திரும்பாமல் படியேறினார். காலையில் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும், மத்தியானம் கீரையும் கொஞ்சம் சோறும், சாயங்காலம் சர்க்கரை இல்லாத டீ. கூடத்தில் நின்று உட்கார்ந்து எழுந்திருப்பார். முழங்கால் மடக்கென்று முறியும் சத்தம் சமையலறைவரை கேட்கும். "சத்தம் மட்டும்தான் குறையல" என்று நான் கிண்டல் செய்வேன். "குறையும்டி, எல்லாம் குறையும்" என்பார்.

குறைந்தது. அவர் குறையக் குறைய எனக்குப் பயம் கூடியது.

என் அப்பாவை ஒரு சின்ன ஆபரேஷனுக்கென்று தள்ளிக்கொண்டு போனார்கள். "அரை மணி நேரத்துல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவே இல்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த ஆபரேஷன் அறைக் கதவு ஆடி ஆடி நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. இவர் ஒவ்வொரு கிலோவாகக் குறைத்து அதே மாதிரி ஒரு கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருக்கு அது தங்கை இருக்கிற இடம். எனக்கு அது கதவு மட்டும்தான்.

மூன்றாவது வாரம் துவைத்த பேண்டை இஸ்திரி போட எடுத்தேன். தளர்ந்திருந்தது. மெஷினில் போட்டுப் பின்பக்கத் தையலைக் கால் அங்குலம் உள்ளே பிடித்தேன். ஐந்து நிமிஷ வேலை. மற்ற இரண்டையும் அப்படியே செய்தேன். தொங்கின நூலைக்கூடச் சுத்தமாக வெட்டிவிட்டேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் போட்டுப் பார்த்து, "ஒண்ணும் தளரலையே" என்றார்.

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

அடுத்த வாரமும் பிடித்தேன். அதற்கடுத்த வாரமும். அவர் இடுப்பை அளக்க எனக்கு டேப் வேண்டாம், கண்ணே போதும். அவர் இளைத்தது எவ்வளவு என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும், அதைத்தான் நான் தைத்துத் தைத்து மறைத்தேன். மனம் விட்டுப்போய் அவரே நிறுத்திவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். பேக்கரிக்காரர், "என்ன அண்ணே, பாதியாயிட்டீங்க" என்று கேட்டாராம். "சும்மா சொல்றான், அவன் சரக்கு விக்கலைன்னு வருத்தம்" என்று இவர் நம்பவில்லை. "பேண்ட் பொய் சொல்லாதுல்ல?" என்று என்னிடமே கேட்டார். நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

ஆனால் அவர் நிறுத்தவில்லை. பிடிவாதம் பிடித்த மனிதர். நடை ஒரு மணி நேரம் என்பது இரண்டானது. மத்தியானச் சோறு நின்றது. அப்புறம் முட்டையும் நின்றது. "பட்டியல்ல இருக்கிறதைச் சாப்பிடுங்க" என்று நான் கத்தினால், "பட்டியல்படி சாப்பிட்டும் குறையலையேடி" என்றார்.

பன்னிரண்டாவது வாரம் ஒரு காலை, நடந்துவிட்டு வரவேண்டியவரைக் காணோம். நான் படியில் இறங்கிப் போனேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல, லேசா கண்ணு இருட்டிச்சு" என்றார்.

தோளில் தாங்கி லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்து, பால் காய்ச்சி வாயருகே பிடித்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். கத்தி அவரைக் கொன்றுவிடுமென்று பயந்தவள், ஊசியால் கொல்லப் பார்த்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மிச்சப் பாலை ஊற்றித் தம்ளரைக் கழுவினேன்.

அன்று சாயங்காலம், டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, அவர் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார்.

"பாப்பா, என்னால முடியலம்மா. பேண்ட் அப்படியே இருக்கு. இனி அங்க வந்து என்ன புண்ணியம். என்னை மன்னிச்சிடு" என்றார். பேசி முடித்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

ஒரு வாரம் அப்படியே போனது. அவர் கடைக்குப் போனார், வந்தார், வைத்ததைச் சாப்பிட்டார். மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தைய மத்தியானம் நாத்தனார் வந்தாள். அவர் கடையில் இருந்தார். அவள் கையில் ஒரு பை, அதில் நான் தைத்துக்கொடுத்த நீலச் சட்டை. இடது கையில் ஊசி குத்துகிற இடத்துக்காக, மடக்கித் திறக்கிற மாதிரி பட்டன் வைத்துத் தைத்தது.

"அண்ணி, இது தொளதொளன்னு ஆயிடுச்சு. பிடிச்சுக் குடுக்கிறீங்களா? கிளாஸ்ல பசங்க சிரிக்குதுங்க."

"கையைத் தூக்கு" என்று டேப்பைச் சுற்றினேன். முப்பது. அளவு நோட்டைப் புரட்டினேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் என் கையெழுத்தில் முப்பத்தாறு என்றிருந்தது. மறுபடி சுற்றிப் பார்த்தேன். முப்பதுதான். டேப்புக்கும் அவள் விலா எலும்புக்கும் நடுவில் துணி ஒன்றுதான் இருந்தது. இத்தனை நாள் இவளை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. கண்ணே டேப் என்று பெருமை பேசுகிற இந்தக் கண், புருஷன் இடுப்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

"அண்ணன் மேல கோபமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அண்ணி? அவரு என்ன வேணும்னா பண்ணினாரு? பாவம், முட்டி தேய நடந்தாரு." அவள் வாயில் ஒரு ஐஸ் துண்டைப் போட்டுக்கொண்டாள். "பிடிச்சிட்டு, உள்ள இருக்கிற துணியை வெட்டிடுங்க. மடிச்சு மடிச்சு உறுத்துது. இனி எனக்கு அது எதுக்கு?"

பிடித்துத் தைத்தேன். இரண்டு பக்கமும் உள்ளே மூன்று விரல்கடைத் துணி நின்றது. கத்திரியை எடுத்தேன். வெட்டினால் இவள் இனிமேல் முப்பதுதான் என்று நான் கையெழுத்துப் போட்ட மாதிரி. கத்திரியைக் கீழே வைத்தேன்.

"வெட்ட மாட்டேன்" என்றேன்.

"உறுத்துது அண்ணி."

"உறுத்தட்டும். பொறுத்துக்கோ. உனக்கு அது வேணும்." குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அவள் படியிறங்குகிற சத்தம் ஓயும்வரை நின்றேன். அப்புறம் மூன்று பேண்டையும் எடுத்துப்போட்டுப் பிரித்தேன். நான் பிடித்த ஒவ்வொரு தையலையும், கடைசி நூல்வரை.

காலையில் அவர் குளித்துவிட்டு பேண்டை மாட்டிப் பட்டனைப் போட்டார். கையை எடுத்தார். பேண்ட் நேராகக் கணுக்காலுக்குப் போய்விட்டது. சட்டையோடு நின்று கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏய், இங்க வா. ராத்திரியோட ராத்திரியா எப்படிக் குறைஞ்சேன்?"

"ராத்திரி இல்ல. மூணு மாசமா குறைஞ்சிருக்கீங்க. நான்தான் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சேன்."

அவர் பேண்டைக் கழற்றி உள்பக்கம் புரட்டினார். மேசையிலிருந்த லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பிரித்த இடத்தில் ஊசி போன ஓட்டைகள் வரிசை வரிசையாக இருக்கும். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"ஏழு தடவை" என்றார்.

"ஏழு தடவை."

"ஒரு தடவைகூட பாப்பா ஞாபகம் வரலையா உனக்கு?"

"வரல" என்றேன். "உங்க ஞாபகம் மட்டும்தான் வந்துச்சு." தரையில் உட்கார்ந்து அழுதேன். என் அப்பா போன கதவைப் பற்றி இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவரிடம் முழுதாகச் சொன்னேன்.

அவர் லென்ஸைக் கழற்றினார். அப்புறம் என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார். முழங்கால் மடக்கென்றது.

"எனக்கும் பயம்தான்டி. தினமும் பூங்காவைச் சுத்துறப்ப அதே நினைப்புதான். உன்கிட்ட சொன்னா நீ இன்னும் பயப்படுவேன்னு சொல்லல."

"இப்பவும் போறீங்களா?"

"போறேன். பயந்துக்கிட்டேதான் போறேன். நீயும் வா."

"இருங்க, பேண்டைச் சரியாப் பிடிச்சுத் தரேன்."

"நீ பிடிச்ச வரைக்கும் போதும்" என்று எழுந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பேருந்து ஏறினார். எடை மெஷினிலும் பிடித்துக்கொண்டேதான் ஏறினார். நர்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னாள், "சார், பதினஞ்சு கிலோ. மூணு கிலோ கூடவே குறைச்சிருக்கீங்க." அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்த மூணு இவ கணக்கு" என்றார். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு மாதம் அவரை ஒழுங்காகச் சாப்பிட வைத்து, ரத்தமெல்லாம் பார்த்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மணி நேரம் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஆடி நின்ற கதவு மறுபடி ஆடியது. முதலில் இவரும் பிறகு அவளும் வெளியே வந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து நாத்தனார் அந்த நீலச் சட்டையோடு வந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூச்சு விட முடியல அண்ணி. பிரிச்சு விடுங்க."

பிரித்தேன். உள்ளே இருந்த துணி மட்டும் வெளுக்காமல் புது நீலமாக இருந்தது. இரண்டு பக்கமும் பட்டையாகத் தெரிந்தது. "பார்க்க நல்லாவே இல்ல, வேற தைச்சுத் தரேன்" என்றேன். "இதுதான் வேணும்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உனக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன்."

"தெரியும். ஆபரேஷனுக்கு முந்தின நாளே அண்ணன் சொல்லிட்டாரு."

"அப்புறமும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு, புது நீலமாயிருந்த இடத்தைத் தடவினாள். "அண்ணன் பேண்டை ஏழு தடவை பிடிச்சீங்க, சரி. நானே வெட்டச் சொல்லியும் என் துணியை நீங்க வெட்டல. நான் பிழைப்பேன்னு எனக்கே நம்பிக்கை இல்லாத அன்னைக்கு, நீங்க ஒருத்தர்தான் எனக்கு இடம் விட்டு வச்சீங்க."

கையைத் தூக்கச் சொல்லி டேப்பைச் சுற்றினேன். கண் மறைத்ததால் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. நோட்டில் முப்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் முப்பத்தாறு என்று எழுதினேன்.