புகார் இல்லாத தெரு

கடப்பாரையின் முதல் அடி வண்டியின் கேமராவில் விழுந்தது. சில்லுகள் சைமியின் கோட்டில் தெறித்தன. இரண்டாவது அடியில் முன்விளக்கு போயிற்று. தாயிஸ்தோ விறகு பிளக்கிறவரைப் போல நிதானமாக அடித்துக்கொண்டிருந்தார். தடுக்கப் போன கம்பெனி இன்ஜினியர் ஊர்ப்போவின் வாயில் கடப்பாரையின் மறுமுனை இடித்தது. அவன் உட்கார்ந்து துப்பியபோது ரத்தத்தோடு ஒரு பல்லும் பனியில் விழுந்தது.

ஓட்டுநர் இல்லாமல் தெருவில் பனி தள்ளுகிற வண்டிகள் இவை. நகராட்சிக் கொட்டகை முற்றத்தில் இரண்டு நின்றன. ஒன்பது நாளைக்கு முன்பு, இப்போது அடி வாங்குகிற இந்த வண்டிதான், காலணிக் கயிறு கட்டக் குனிந்திருந்த ஹில்காவைப் பனிக்குவியல் என்று எண்ணித் தள்ளிக்கொண்டு போனது. ஹில்கா தாயிஸ்தோவின் மனைவி. வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

சைமி தலைநகர் ஹெல்சின்கியில் போக்குவரத்துப் பாதுகாப்பு அதிகாரி. சட்டம் எழுதி முடிக்கும்வரை இயந்திரத்தை நிறுத்தி வைப்பானேன், ஒரு சின்ன ஊரில் ஓடவிட்டு, பார்த்துப் பார்த்துச் சட்டம் எழுதலாமே என்பது அவளுடைய யோசனை. மேலிடத்தில் ஆஹா என்றார்கள். இந்த ஊரில் இரண்டு குளிர்காலத்துக்குச் சோதனை அனுமதி கொடுத்தார்கள். கோளாறு சரியாகிவிட்டதென்றால் வண்டிகளை மறுபடி தெருவில் விடக் கையெழுத்துப் போடத்தான் இன்று காலை வந்திருந்தாள். இரண்டாவது வண்டியின் முன்னால் ஒரு பொம்மையைக் குனிய வைத்து மூன்று முறை ஓட்டிக் காட்டினான் ஊர்ப்போ. மூன்று முறையும் வண்டி நின்றது. அவள் பேனாவை எடுத்த நேரத்தில்தான் தாயிஸ்தோ வாசலில் தெரிந்தார்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"நவம்பர்லயே பக்கத்து வீட்டு நாய இழுத்துட்டுப் போச்சு. ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஏன் யாருமே சொல்லல?" என்றாள் சைமி.

"ஜனவரியில வந்து கேட்டீங்கல்ல, ஏதாவது தொந்தரவு உண்டான்னு. நாப்பது பேரு முன்னாடி எந்திரிச்சு குறை சொல்ற ஊரா இது? உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அதுதான் கேவலம். நகராட்சி மண்டபத்தில் ஆளுக்கு நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். காபி, ஏலக்காய் பன். அவள் கேட்டதும் எல்லோரும் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோலக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அவளும் இப்படியொரு ஊர்க்காரிதான். சிறுநீரகக் கல்லோடு துடித்த அவள் அப்பா மருத்துவரிடம் பரவாயில்லை என்றுதான் சொன்னார். இந்த மௌனத்துக்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் அறிக்கையில் 'புகார் ஏதும் இல்லை' என்று எழுதிவிட்டு மாலை ரயிலைப் பிடித்தாள்.

தாயிஸ்தோ கடப்பாரையை வீசி எறிந்தார். இரண்டாவது வண்டியிலிருந்து பத்தடி தள்ளிப் போய், அதற்கு முதுகைக் காட்டிக் குனிந்து, காலணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டிய விடு."

"அது சரியாயிடுச்சுங்க," என்றான் ஊர்ப்போ, வாயைப் பொத்தியபடி. "நூத்துக்கு நூறு."

"அப்ப அமுக்குடா."

ஊர்ப்போவின் கையில் ரிமோட் இருந்தது. பச்சைப் பொத்தானின் மேல் கட்டைவிரல் நின்றது, அழுத்தவில்லை. சைமி அந்த விரலையே பார்த்தாள். பொம்மைக்கு அது ஒரு நொடிகூடத் தயங்கியிருக்கவில்லை.

கையெழுத்துப் போடாத காகிதத்தைப் பனியில் போட்டுவிட்டு நடந்தாள். போய் தாயிஸ்தோவின் பக்கத்தில் குந்தினாள்.

"எந்திரிங்க மேடம்," என்றார் அவர் மெதுவாக. "இது எனக்கும் அதுக்கும்."

"நானுந்தான் ஒண்ணும் சொல்லல," என்றாள். பிறகு தலையைத் திருப்பாமல், "அமுக்குங்க ஊர்ப்போ."

பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. ஊர்ப்போவின் தாடையிலிருந்து ரத்தம் ரிமோட்டில் சொட்டியது. அவன் பச்சைப் பொத்தானைக் கையுறையால் துடைத்தான். அது மறுபடி சிவந்தது. மறுபடி துடைத்தான்.