ஏழாவது முறை பாடியது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான்தான். முதலில் வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன்: 'இசை என்பது மனித மனத்தின்' — வேண்டாம், எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.

2

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்க "பிரேக், பிரேக்" என்று கத்தும் தொண்டை. அதில் தைராய்டு கட்டி. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. குரல் மாறினாலும் மாறலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு பழைய ராக் பாட்டைப் பாடிப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். கல்லூரி மேடையில் அவளும் அத்தானும் பாடியது. கடைசியில் ஒரு நீண்ட உச்சக் கத்தல் வரும்.

3

இன்று சனிக்கிழமை. காலையில் படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்தோம். எதிரொலி வராமலிருக்க, அலமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்துப் பாடினாள் அக்கா. அத்தான் கிதார். நான் மடிக்கணினி. (என் வேலை ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் பதிவாகும், மறுபடி அழுத்தினால் நிற்கும்.)

ஆறு முறை உச்சத்தில் குரல் உடைந்தது. ஏழாவது முறை ஏறி நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அத்தான் கலங்கிய கண்ணோடு வாசித்து முடித்தார்.

"வந்துச்சாடா?"

"சூப்பரா வந்திருக்குக்கா," என்றேன், திரையைப் பார்க்காமலே. அப்புறம்தான் பார்த்தேன்.

4

முந்தைய வரைவில் இந்த இடத்தில், 'அத்தான் தவறுதலாகப் பொத்தானைத் தட்டிவிட்டார்' என்று எழுதியிருந்தேன். அத்தான் பாவம், கிதாரைத் தவிர எதையும் தொடவில்லை. ஆறாவது முறை முடிந்ததும் பதிவை நிறுத்த மறந்தவன் நான். ஏழாவதற்கு அழுத்தியபோது நின்றுவிட்டது. ஆறாவதற்குப் பிறகு பதிவாகியிருப்பது அவள் தண்ணீர் குடிக்கும் சத்தமும், "ரெடியா?" என்று அத்தான் கேட்பதும் மட்டும்.

5

முடிவு ஒன்று: குரல் அப்படியே திரும்பி வருகிறது, எல்லோரும் சிரிக்கிறோம்.

முடிவு இரண்டு: ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா, அந்தப் பாட்டைப் போடு என்று தாளில் எழுதிக் காட்டுகிறாள். நான் — இதை முடிக்க மனம் வரவில்லை.

ஞாயிறு ஒரு நாள் மீதம் இருக்கிறது. சொன்னால் மறுபடி பாடலாம். அந்த உச்சம் மறுபடி வருமா, தெரியாது. சொல்லாவிட்டால் நிம்மதியாகப் போய்ப் படுப்பாள். பாடி முடித்ததிலிருந்து, பாட்டு வந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முடிவை வாசகரிடம் விட்டுவிட்டு நழுவுவது என்னைப் போன்றவர்களின் வழக்கம். நான் எழுதுவதை முதலில் வாசிப்பவள் அக்கா. இந்தத் தாள்களை இப்போது அவள் அறைக்கதவின் அடியில் தள்ளப்போகிறேன்.

அக்கா, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கத்தாதே. தொண்டையை நாளைக்கு வைத்துக்கொள்.