தூண்டில், முழங்கை, சங்கு

அது தொண்ணூற்றிரண்டா, தொண்ணூற்றுமூன்றா என்பதில் சந்தேகம் உண்டு. தவளையின் தொப்பி சிவப்பா, பச்சையா என்பதிலும்தான். ஹஃப்ஸாவைக் கேட்டால் ஒன்று சொல்வாள், பிரகதீஸ்வரியைக் கேட்டால் வேறொன்று. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கல்யாணம் பிரகதீஸ்வரிக்கு. மாப்பிள்ளை ராஜ்குமாருக்குச் சிங்கப்பூரில் வேலை. தாலி ஏறியதும் மன்னார்குடியில் மாமியார் வீடு, பிறகு விமானம். அதற்குள் தவளையை மலையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலையெல்லாம். புடவை எடுக்கக் கும்பகோணம் போனபோதுகூட அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தவளை, ஹஃப்ஸாவின் வீட்டு டிவியில் இருந்தது. அவள் அண்ணன் சித்தீக் ஷார்ஜாவில் பழைய சாமான் கடையில் வேலை பார்த்தான். போன லீவில் டிவியோடு, எண்பதுகளில் வந்த ஜப்பான் விளையாட்டுப் பெட்டி ஒன்றையும் ஒரே ஒரு கேசட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தொப்பி போட்ட தவளை, தண்ணீர் கட்டிய வயல்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசியில் மலையேற வேண்டும். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து.

டைப்ரைட்டிங் வகுப்பில் ஆரம்பித்த சிநேகிதம் இருவருக்கும். மதியம் சாப்பிட்ட கையோடு பிரகதீஸ்வரி இரண்டு தெரு தாண்டி வந்துவிடுவாள். அவள் பொத்தானை அழுத்துவாள், ஹஃப்ஸா பக்கத்தில் உட்கார்ந்து “இப்ப” என்பாள். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு பேச்சில்லாமல் ஒரு மணி நேரம் போகும். நீடாமங்கலத்தில் நாலு மணிக்குக் கரண்ட் போய்விடும். மறுநாள் மறுபடி முதல் வயல்.

ஆட்டத்தில் தோற்றதும் திரையில் வரும் இருபது எழுத்தையும் மறுநாள் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து ஆடலாம் என்று சித்தீக் விசாரித்துக் கடிதம் போட்டிருந்தான். எழுத்துக்கெல்லாம் பெயர் வைத்தார்கள். தூண்டில், முழங்கை, கூரை, சங்கு. ஹஃப்ஸா திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பிரகதீஸ்வரி நோட்டில் வரைந்துகொண்டாள். மறுநாள் நோட்டைப் பார்த்து அழுத்தினால் பெட்டி ‘பீப்’ என்று மறுத்துவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. பிரகதீஸ்வரி, கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொன்னாள். ஹஃப்ஸா, டைப்ரைட்டிங்கில் ஃபெயிலான கைதானே என்றாள். கல்யாணத்துக்கு நாள் ஐந்தாகச் சுருங்கியது.

அன்று மதியம் ஹஃப்ஸாவின் அம்மா ஆயிஷா, மகனுக்குக் கடிதம் எழுதக் கூப்பிட்டார். அவருக்கு அரபுத்தமிழ்தான் வாசிக்க வரும், அதனால் கடிதமும் அதில்தான். பேச்சு தமிழ், எழுத்து அரபு. ஹஃப்ஸா தாளை எடுத்து வலது ஓரத்தில் பேனாவை வைத்தாள். பேனா இடதுபக்கம் நகர்ந்தது. பிரகதீஸ்வரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, டிவியிலயும் இந்தப் பக்கமிருந்துதான் சொன்னியா?”

“வேற எந்தப் பக்கமிருந்து சொல்லுவாங்க? அது என்ன தமிழா?”

“நான் இந்தப் பக்கமிருந்துல்ல எழுதினேன்.”

முதலில் சிரித்தது ஆயிஷாதான். “ரெண்டு பேரும் டைப்ரைட்டிங் படிச்ச லட்சணம் தெரியுது” என்றார்.

நோட்டில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார்கள். பெட்டி மறுக்கவில்லை. ஏழாம் வயல் திறந்தது. அதன்பின் நாள் ஒரு வயலாகப் போய், நலங்கு வைத்த மஞ்சள் கையோடு பிரகதீஸ்வரி கடைசிப் பொத்தானை அழுத்தியபோது மணி மூன்றே முக்கால். தவளை மலையுச்சியில் உட்கார்ந்தது. திரை நிறைய எழுத்து வந்தது.

“நல்லா இருங்கன்னு ஜப்பான்காரன் வாழ்த்துறான்டி” என்றாள் பிரகதீஸ்வரி.

“இல்லடி. டிவியை நிறுத்திட்டு வேலையைப் பாருங்கன்னு சொல்றான்.”

கரண்ட் போகும்வரை இருவரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

பிரகதீஸ்வரி சிங்கப்பூர் போனாள். இரண்டு பெண்கள், ஒரு கிளினிக்கில் வரவேற்பாளர் வேலை. ஹஃப்ஸா நாகூரில் வாழ்க்கைப்பட்டு, கணவரோடு ஜவுளிக்கடை நடத்துகிறாள். சித்தீக் இரண்டாயிரத்து நாலில் ஊர் திரும்பி, திருவாரூரில் செல்போன் கடை போட்டான். ஆயிஷா மகனோடு இருந்து, எண்பது வயதில் காலமானார்.